நத்தைக்கு நாற்பது அடி

1921 நவம்பர் 8, செவ்வாய்

நேசராணி, இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்குக் கோபிக்காதே. நாம் மாறி மாறி எழுதித் தபாலில் அனுப்பும் கொப்பி நோட்டில் இந்த மாதம் என் முறை. பகலில் எஸ்தர் எழுத விடுவதில்லை. ஐந்து மாதக்காரிக்கு அம்மா பேனா பிடித்தாலே பொறுக்காது. இவர் டீமேக்கர் அல்லவா, தேயிலைக் கொழுந்து அதிகம் வந்தால் இரவெல்லாம் பெக்டரியில்தான். வெளியே மழை.

காய்ச்சலோடு என் பால் வற்றியது உனக்குத் தெரியும். டப்பிப்பாலை எஸ்தர் கக்கிவிடுகிறாள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து கருப்பம்மா கொண்டுவரும் ஆட்டுப்பால் ஒன்றுதான் வயிற்றில் தங்குகிறது. இன்று அந்த ஆட்டுக்கே ஆபத்து. பக்கத்து வீட்டுக் கணக்கப்பிள்ளை அற்புதராஜின் கோவாப் பாத்தியை, அந்த முட்டைக்கோஸ் இலைகளை, மூன்று இரவாக ஏதோ தின்கிறது. போன வாரம் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு அவர் வேலியோரம் நின்றதாம். அவ்வளவுதான் சாட்சி. காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும்போதே, ஞாயிறுக்குள் ஆடு தோட்டத்தை விட்டுப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் என் பிள்ளை எதைக் குடிக்கும்?

9, புதன்

வேலிவழியாக எட்டிப் பார்த்தேன். இலையின் நடுவில் ஓட்டை, மேலே வெள்ளிக்கோடு. ஆட்டுக்கு ஏது வெள்ளிக்கோடு? நத்தைதான். ஆனால் இந்தப் பக்கத்தில் நத்தை இருப்பது என் பன்னச் செடித் தொட்டிகளில் மட்டும். அங்கிருந்து பாத்திக்கு நாற்பது அடி. ஒரு இரவில் அத்தனை தூரம் போகுமா?

ஒன்றைப் பிடித்து அடுக்களைத் தரையில் விட்டு, அடிக்கோலோடு அரைமணி நேரம் குந்தியிருந்தேன். நுரை கக்கியது, ஓட்டுக்குள் போனது. ஒரு அங்குலம்கூட நகரவில்லை. இவரிடம் சொன்னேன். இவர் போகிறபோக்கில் கணக்கப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார். "பாத்தீங்களா, படிச்ச அம்மாவே சொல்லிட்டாங்க, நத்தை இல்லைன்னு" என்கிறாராம் அவர். ஐயோ, நானே ஆட்டைக் காட்டிக்கொடுத்துவிட்டேனா?

10, வியாழன்

கருப்பம்மா பால் கொண்டுவந்தபோது அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவள் தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"ஏம்மா, ஈரம் போகணும்னு நீங்கதானே தரையெல்லாம் சாம்பல் போட்டீங்க? சாம்பல்ல விட்டா அது எப்படி நடக்கும்? நீங்க நெருப்புல நடப்பீங்களா?"

காலேஜில் நமக்குப் பூவும் இலையும் சொல்லித்தந்தார்கள். நத்தை சொல்லித்தரவில்லை.

விளக்கு வைத்தபின் ஜன்னல் கண்ணாடியை நனைத்து அதன்மேல் நத்தையை விட்டேன். உள்ளேயிருந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தால் — நேசராணி, நீ பார்க்கவேண்டும். காலே இல்லை. வயிறு முழுவதும் ஒரே பாதம். அதில் வாலிலிருந்து தலைக்குக் கறுப்பு அலை அலையாக ஓடுகிறது. ஓடு மட்டும் ஆடாமல் அசையாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. தன் பாதைக்குத் தானே கோழை விரித்துக்கொள்கிறது. அழுத எஸ்தர்கூட வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

பிறகு ஈரக் கல்லில் விட்டு இவர் கடிகாரத்தை வைத்து அளந்தேன். நிமிஷத்துக்கு இரண்டு அங்குலம்! நாற்பது அடிக்கு நாலு மணி நேரம். ஆறரைக்குப் புறப்பட்டால் பத்தரைக்குச் சாப்பாடு, விடிவதற்குள் வீடு.

11, வெள்ளி

கணக்குச் சரி. கணக்கப்பிள்ளைதான் நம்பவில்லை. நத்தைக்கு அம்மா ரயில் அட்டவணை போடுகிறார்கள் என்று சிரித்தாராம்.

சரி என்றால் குற்றம் என் வீட்டில். சொல்லத்தான் வேண்டுமா? பால் வேண்டுமென்றால் வேண்டும்.

12, சனி

சாயந்தரம் தொட்டிகளில் இருந்த பதினொரு நத்தைக்கும் முதுகில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தேன். கருப்பம்மா ஆட்டைத் தன் காம்பரா அறைக்குள்ளேயே கட்டிப் பூட்டினாள். பதினொரு மணிக்கு எஸ்தரை அவள் தோளில் போட்டுக்கொள்ள, நான் லாந்தர் எடுத்துக்கொண்டு கணக்கப்பிள்ளையின் கதவைத் தட்டினேன். போர்வையும் குடையுமாக முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

கோவாமேல் ஏழு வெள்ளைப் பொட்டுகள். நிதானமாகத் தின்றுகொண்டிருந்தன.

வெகுநேரம் குனிந்து பார்த்தார். "இது யாரு வீட்டு நத்தைங்கம்மா?"

"எங்க வீட்டுதுங்க."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "பொட்டு வச்சு அனுப்பியிருக்கீங்க, விருந்துக்கு வந்த மாதிரி" என்றார். கருப்பம்மா சிரித்த சிரிப்பில் எஸ்தர் விழித்துக்கொண்டாள்.

16, புதன்

திங்கட்கிழமைப் பெரட்டில் ஆட்டின்மேல் குற்றமில்லை என்று அவரே சொன்னார். யார்மேல் என்று சொல்லவில்லை, நல்ல மனிதர். தொட்டிகளை வீட்டுக்குப் பின்புறம், பாத்தியிலிருந்து நூற்றைம்பது அடிக்கு அப்பால் தூக்கிவைத்தோம். போகவே பதினைந்து மணி நேரம்; நடுவழியில் விடிந்துவிடும்.

ஓட்டை விழுந்த கோவாவையெல்லாம் வெட்டி லயத்துக்கு அனுப்பிவிட்டார். ஆடு இப்போதுதான் முதல்முறையாக அதை ருசி பார்க்கிறதாம். இன்று பால் கால் போத்தல் கூட. எஸ்தர் குடித்துவிட்டு ஏழு மணிக்கே தூங்கிவிட்டாள், இன்னும் எழவில்லை.

கொப்பி நாளைத் தபாலில் வருகிறது. சீக்கிரம் பதில் எழுது.