உப்புப் பார்க்காமல் கலந்த வெள்ளரிக்காய்

ஜோகுபாளையம்,
பெங்களூர்.
21-4-2005

அன்பு மகள் கிருத்திகாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், என் முழங்கால் வலியும் உன் அம்மாவின் பி.பி.யும் தத்தம் வழக்கப்படி இருக்கின்றன. அங்கே தைப்பேயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, மழையில் நனையாமல், உடம்பைப் பார்த்துக்கொண்டிருக்க நம் கோயில் சோமேசுவரர் கூட இருக்கட்டும். இந்த வருடம் வெயில் மண்டையைப் பிளக்கிறது, நேற்றுச் சாயங்காலம்தான் ஒரு மழை கொட்டி ஓல்டு மெட்ராஸ் ரோடு முழுக்கத் தண்ணீர், ஆட்டோக்காரர்கள் அல்சூருக்கு வரமாட்டேன் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் பல்லக்கு, தெருவெல்லாம் சீரியல் லைட் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதையெல்லாம் தள்ளிவிட்டு, லின் விஷயம் எங்கே இருக்கிறது என்று நீ பக்கத்தைப் புரட்டுவாய் என்பது எனக்குத் தெரியும். புரட்டாதே. திங்கட்கிழமையிலிருந்து நீ போன் செய்யும்போதெல்லாம் “எல்லாம் எழுதறேம்மா, எழுதறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன், உனக்குக் கோபம் வந்திருக்கும். போனில் கேட்டால் நீ முடிவை மட்டும்தான் கேட்பாய். நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்குத் தாளும் பேனாவும் வேண்டும்.

பொங்கலன்று நீ போனில், கூட வேலை செய்கிற தைவான்காரர் லின்னைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்று சொன்னாய் அல்லவா, அன்றிலிருந்து உன் அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஞாயிறுதோறும் உன்னிடம் “சாப்பிட்டியா, தூங்கினியா” என்று கேட்டுவிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டிவிடுவாள். கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நீயோ, “ஒரு தடவை அவரைப் பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்கப்பா, நான் விட்டுடறேன்” என்றாய். நீ சொன்னால் சொன்னபடி விட்டுவிடுவாய், அதற்கப்புறம் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவும் மாட்டாய், அதுதான் என் பயம். அதனால் லின் கம்பெனி வேலையாகப் பெங்களூர் வருகிறார் என்று நீ எழுதியதும், ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடலாமா என்று அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டே, “ராமநவமிக்கு வரச் சொல்லுங்க” என்றாள். உன் அம்மாவின் மூளையை நினைத்து அப்போதே வியந்தேன். அன்றைக்குப் பூஜை முடிய உச்சி வேளை ஆகும், வெங்காயம் பூண்டு வீட்டுக்குள் வராது, படைத்து முடிகிறவரை பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் கிடையாது. இதில் பையன் எவ்வளவு நேரம் உட்காருகிறார் என்று பார்க்கத்தான் அந்த நாளைப் பிடித்தாள்.

அவர் சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தாமல் வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றி, ஜோடி சேர்த்துச் சுவரோரம் வைத்தார், முப்பது வருடம் டிராஃப்ட்ஸ்மேனாக ஸ்கேலோடு குடித்தனம் நடத்தின எனக்கு அதுவே பிடித்துப்போயிற்று. கையில் ஒரு துணிப்பை. பழமாக இருக்கும் என்று பார்த்தால் உள்ளே பிஞ்சு வெள்ளரிக்காய், ஒரு சோயா சாஸ் பாட்டில், மிளகாய் வற்றல், இஞ்சி. கிருத்திகா வெயில் நாட்களில் ஆபீசில் இதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள், உங்கள் சமையலறையில் ஒரு மூலை கொடுத்தால் நான் செய்து தருகிறேன் என்று இங்கிலீஷில் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். பண்டிகை நாளில் குளிக்காமல் என்னையே அடுப்படிக்குள் விடாதவள். “காலைல குளிச்சாராமா, கேளுங்க” என்றாள். கேட்டேன், குளித்தேன் என்றார். அம்மா பாட்டிலை வாங்கி என்னிடம் நீட்டி, இதில் மீன் கீன் எதுவும் கலந்திருக்கிறதா படியுங்கள் என்றாள். சோயா, கோதுமை, உப்பு என்று படித்தேன். புளிக்க வைத்ததாயிற்றே, சாமிக்கு ஆகுமா என்று நானே ஒரு சந்தேகத்தைக் கிளப்பினேன், அதற்கு அவள், “இட்லி மாவும்தான் புளிக்குது, விடுங்க” என்று என் வாயை அடைத்துவிட்டு வழிவிட்டாள். சாமிக்குப் படைக்கிறது, பூண்டு மட்டும் கூடாது என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு அது அதிசயமாகவே இல்லை. அவருடைய அம்மா அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வெங்காயம் பூண்டு தொடாமல் சைவம்தான் சாப்பிடுவாராம், அதனால்தான் இஞ்சி கொண்டுவந்தேன் என்றார். நான் இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது உன் அம்மா தலையாட்டவில்லை, ஆனால் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

அப்புறம் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அம்மா பாசிப்பருப்புக் கோசம்பரிக்காக வெள்ளரிக்காயின் காம்புப் பக்கத்தைச் சீவி, சீவின துண்டாலேயே நுரை வரத் தேய்த்துக் கசப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் அதை உன்னிப்பாகப் பார்த்துவிட்டு, தன் வெள்ளரிக்காய் அத்தனைக்கும் அதேபோல் செய்தார். பிறகு பட்டையான பெரிய கத்தி இருக்கிறதா என்று தேடினார், நம் வீட்டில் ஏது, கடைசியில் சப்பாத்திக் கட்டையை எடுத்தார். வெள்ளரிக்காயைப் பலகையில் கிடத்தி அதன் தலையில் ஒரு போடு போட்டாரே பார்க்கலாம், அம்மா “ஐயையோ” என்று கத்தியே விட்டாள். காய் நீளவாக்கில் வெடித்தது, நசுங்கவில்லை. கோணல்மாணலாக உடைந்ததைக் ஒரு வாய் அளவு துண்டுகளாக்கி உப்புப் போட்டுப் பிசறி வைத்தார். நேர்கோட்டைத் தவிர வேறு எதையும் மதிக்காத எனக்கு முதலில் மனசு பதறியது. கத்தியால் வழுவழுவென்று வெட்டினால் சாறு வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும், உடைத்த முகத்தில்தான் ஒட்டும் என்று விளக்கினார். விரலால் தொட்டுப் பார்த்தேன், உண்மைதான். இத்தனை வருடம் வெள்ளரிக்காய் சாப்பிட்டும் எனக்கு இது தோன்றவில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது.

வினிகர் இல்லாததால் எலுமிச்சம்பழம் பிழிந்தார், கொஞ்சம் சர்க்கரை, கிள்ளிப்போட்ட மிளகாய், துருவின இஞ்சி, அதன்மேல் சோயா. எள்ளெண்ணெய் கேட்டார், நம் நல்லெண்ணெயைக் கொடுத்தோம். முகர்ந்து பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார், ஆனால் அவர் தேடின வாசனை அதில் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவர்கள் ஊரில் எள்ளைக் கருக வறுத்து எண்ணெய் எடுப்பார்களாம். யாரும் கேட்காமலே உன் அம்மா டப்பாவிலிருந்து வெள்ளை எள்ளை எடுத்து, வாணலியில் படபடவென்று வெடிக்க வறுத்து, சூடோடு ஒன்றிரண்டாக இடித்து, நல்லெண்ணெயில் குழைத்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கண்ணை மூடி அந்த வாசனையை இழுத்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, அவளுக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் வராது. நான் நடுவில் துபாஷி வேலைக்காக நின்று, வேலையே இல்லாமல் ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன்.

பூஜை முடிந்து, பானகம், நீர்மோரோடு அவருடைய கிண்ணத்தையும் அம்மா சாமிக்கு முன்னால் வைத்தபோதே எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. இலை போட்டு உட்கார்ந்தோம். முதலில் அவர் செய்ததைத்தான் எல்லா இலையிலும் வைத்தாள். ஒரு துண்டை வாயில் போட்டேன், கிருத்தி, கடல்தண்ணீரில் ஒரு முழுக்குப் போட்டு எழுந்த மாதிரி இருந்தது. அவ்வளவு உப்பு. இந்த ஊர்க் கடையில் வாங்கின சோயாவில் உப்புத் தூக்கலாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது, ஊறவைக்க வேறு முதலிலேயே உப்புப் போட்டாயிற்று. நான் மெல்ல அம்மாவைப் பார்த்தேன், அவள் முகம் மாறாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் அவர் வாயில் வைத்தார். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. கையை இலையிலேயே வைத்துக்கொண்டு என்னிடமும் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டார், இலையிலிருந்ததை எடுத்துவிடுகிறேன் என்று எழுந்திருக்கவே போனார். போச்சு, எல்லாம் போச்சு, என் மகளின் கல்யாணம் ஒரு கிண்ணம் வெள்ளரிக்காயில் முழுகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அம்மா கையால் உட்காரச் சொன்னாள். உள்ளே போய்க் கோசம்பரிப் பாத்திரத்தைக் கொண்டுவந்தாள். உனக்குத்தான் தெரியுமே, முன்னாலேயே உப்புப் போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும் என்று அதற்குப் பரிமாறுகிற நேரத்தில்தான் உப்புப் போடுவாள். அன்று இன்னும் போட்டிருக்கவில்லை. ஊறின பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் கொத்துமல்லியுமாக இருந்த அதில் அவர் கிண்ணத்தை அப்படியே கவிழ்த்து, கையால் ஒரு புரட்டுப் புரட்டி, மறுபடியும் எல்லா இலையிலும் வைத்தாள். அடேயப்பா, எப்படி இருந்தது என்கிறாய்! பருப்பு உப்பை இழுத்துக்கொண்டது, தேங்காய் சோயாவின் நெடியை அடக்கியது, நடுநடுவே எள்ளும் இஞ்சியும் எட்டிப் பார்த்தன, அந்த வெயிலுக்கு வயிறு வரை குளிர்ந்தது. நான் மூன்றாம் தடவை கேட்டு வாங்கினேன். அவர் முகத்தில் உயிர் வந்தது. அப்போதுதான் சும்மா விளையாட்டாக, செய்யும்போது கொஞ்சம் உப்புப் பார்த்திருக்கலாமே என்று கேட்டேன். அதற்கு அவர், சாமிக்கு வைக்கப் போகிறதை எப்படி முன்னால் நாக்கில் வைப்பது என்று என்னையே திருப்பிக் கேட்டார். கிருத்திகா சொல்லி அனுப்பினாளா என்றேன். இல்லை, எங்கள் வீட்டில் படையல் நாளில் யாராவது தொட்டால் அம்மா கையிலேயே ஒன்று வைப்பார் என்று சிரித்தார். இதை நான் தமிழில் சொன்னதும் உன் அம்மா எழுந்து உள்ளே போனாள், குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

பாயசம் சாப்பிடும்போது கீழ்வீட்டுச் சந்திரம்மா பானகம் வாங்க வந்தார். அந்தக் கோசம்பரியை ஒரு வாய் போட்டுக்கொண்டு, “பஹள சென்னாகிதே, யார்ரீ மாடித்து?”, ரொம்ப நன்றாக இருக்கிறதே, யார் செய்தது என்று கேட்டபடியே லின்னை மேலும் கீழும் பார்த்தார். அதற்கு உன் அம்மா, கண்ணை இமைக்காமல், நம் கிருத்திகாவுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளை செய்தது என்று கன்னடத்தில் சொல்கிறாள்! பார்த்திருக்கிற மாப்பிள்ளையாம்! ஏதோ இவளே ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்து கண்டுபிடித்துவிட்ட மாதிரி. எனக்குப் புரை ஏறிவிட்டது. லின்னுக்கு ஒன்றும் புரியவில்லை, பாவம், என் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார்.

அவர் போனபின் சாயங்காலம் மாடியில் துணி எடுக்கும்போது அம்மா தானாகவே பேசினாள். “நான் பக்கத்துலயே நின்னு பாத்துட்டு இருந்தேங்க. ஒவ்வொரு தடவையும் கரண்டியால கிண்டிக் கிண்டிப் பாத்தாரே தவிர நாக்குல வைக்கல. ஒரு சொட்டு ருசி பாத்திருந்தா உப்பு சரியா இருந்திருக்கும். நம்மகிட்ட நல்ல பேர் எடுக்க வந்தவரு, சாமிக்காகத் தன் பேரைக் கெடுத்துக்கிட்டாருங்க. இதுக்கு மேல எனக்கு என்ன வேணும்” என்றாள். உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா, எங்கள் கண்ணுக்கு எட்டாத ஒரு ஊரில், பாஷை தெரியாத இடத்தில், இப்படி ஒருவரை அடையாளம் கண்டிருக்கிறாயே. எங்கள் இருவருக்கும் முழுச் சம்மதம், மனசார. அவருடைய அம்மாவிடம் பெண்வீட்டார் நாங்கள்தான் போய்ப் பேச வேண்டும், பையன் மூலமாகச் சொல்லி அனுப்புவது மரியாதை இல்லை என்கிறாள். மைசூரைத் தாண்டமாட்டேன் என்றிருந்தவள் நேற்று அல்சூர் ஸ்டூடியோவுக்குப் போய்ப் பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுத்துக்கொண்டுவிட்டாள், நெற்றியில் பெரிய பொட்டோடு, யாரோடோ சண்டைக்குக் கிளம்புகிறவள் மாதிரி விறைப்பாக. ஆவணி மாதம் வரலாம் என்று எண்ணம். அந்த அம்மாளுக்கு என்ன பிடிக்கும், என்ன ஆகாது என்று விவரமாக எழுது, பட்சணம் செய்து எடுத்து வர வேண்டும்.

வெள்ளரிக்காயை அம்மா மறுநாளும் செய்தாள், ஊறவைத்த உப்புத் தண்ணீரை நன்றாக வடித்துவிட்டுச் சோயாவைப் பாதியாகக் குறைத்துக்கொண்டால் போதும் என்று உனக்கும் எழுதச் சொன்னாள். கால்சியம் மாத்திரையை மறக்காதே. ராத்திரி கண்விழித்து வேலை செய்யாதே. குடையை ஆபீசிலேயே விட்டுவிட்டு நனைந்து வராதே. சகல சௌபாக்கியத்தோடும் நீங்கள் இருவரும் நீண்ட காலம் நன்றாக இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

இதைத் தபாலில் போடப் போவதில்லை. நாளைக்கு ஏர்போர்ட் போகும் வழியில் லின் சொல்லிக்கொள்ள வருகிறார், உறையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். எங்கள் பதில் என்ன என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அதை அவருக்கு முதலில் சொல்கிற சந்தோஷம் உனக்குத்தான் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நீ இதைப் படித்து முடிக்கும்போது அவர் எங்கேயும் போயிருக்கமாட்டார், உன் எதிரிலேயே உன் முகத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருப்பார். போதும்மா, தாளை மடித்து வைத்துவிட்டு அவரிடம் சொல்லிவிடு.

உன் அன்பு அப்பா,
அர்ஜுனன்