மேம்பாலத்தில் மலைப் பயிற்சி

மாசி, செவ்வாய்க்கிழமை

வெளியே சொன்னால் வெட்கம். நேற்று திண்டிவனம் மேம்பாலத்தில் ஏற முடியாமல் இறங்கி சைக்கிளைத் தள்ளினேன். இளநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கூட என்னை முந்திப் போனார். ஞாயிற்றுக்கிழமை மச்சானோடு ஜவ்வாது மலை ஏற வேண்டும். அங்கேயும் தள்ளினால், இத்தனை வருஷம் அவனை நான் செய்த கிண்டலுக்கெல்லாம் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பாரத்தோடு பழகினால் மலை சுலபமாகும் என்று இன்று மனைவி மேரியைக் கேரியரில் ஏற்றினேன். ஏறியதுமே உயிரை வாங்க ஆரம்பித்தாள்.

"இன்னாய்யா, எறும்புகூட நம்மளத் தாண்டிக்கினு போவுது?"

"வாய மூடிக்கினு குந்து மேரி. நீ பேசப் பேச வெயிட்டு ஏறுது."

எரிச்சலில் அழுத்தி மிதித்தேன். பாதிப் பாலத்தில் கால் திடீரென்று லேசானது. பயிற்சி பலித்துவிட்டது என்று உச்சிவரை அவளிடம் பெருமை பேசிக்கொண்டே போனேன். அங்கே நின்று திரும்பிப் பார்த்தேன். மேரி பாதிப் பாலத்தில் செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்து வந்துகொண்டிருந்தாள்.