ஆசிட் கப்பலும் எங்கள் மழையும்

நவம்பர் 14, வியாழன்.

பந்தல்குடியில் மூன்றாம் நாளாக மழை. தம்பி சாமுவேல் வேலைக்குப் போன, ஆசிட் ஏற்றிச் செல்லும் கப்பல் இதே புயலில் நடுக்கடலில் மாட்டிக்கொண்டதாம். மாலையில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவனை வேலைக்கு அனுப்பிய தூத்துக்குடி ஏஜெண்டிடம் பேசினேன்.

"ஆசிட் தொட்டிக்குள்ள மழத்தண்ணி எறங்கி ஒரே புகையா வருது. ஆளுங்க மேல்தளத்துலதான் நிக்கிறாங்க. மழ விட்டாத்தான் மீட்புப் படகு கிட்டப் போக முடியும்" என்றார்.

நனைந்தபடியே ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போனேன். மழை கேட்டு ஒரு வாரம் உபவாசம் இருந்த சபை. எல்லார் முகத்திலும் சிரிப்பு.

"கம்மா பாதிதான் பெருகிருக்கு. இன்னும் ரெண்டு நாளு பெய்யணும்னு கேளுங்கய்யா" என்று போதகரிடம் சொன்னார் பக்கத்து வீட்டு மாமா. தம்பியைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போதகர் அப்படியே ஜெபித்தார். எல்லாரோடும் சேர்ந்து, பழக்கத்தில் நானும் ஆமென் சொல்லிவிட்டேன்.

இப்போது இன்னும் வலுத்துப் பெய்கிறது.