பழைய கையுறையை உதறியபோது

அன்புள்ள சுண்டுவுக்கு,

அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் அதுவே போதும், இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நானும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்று காலை ஆய்வகத்துக்குப் போனதும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அலமாரியில் கிடந்த பழைய கையுறை ஒன்றை எடுத்து ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உதறினேன். ஏன் என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி. போகும் முன் நீ கழுவி, கண்ணுக்குத் தெரியாத மக்காச்சோள மாவுமணிகள் எடுத்தாயே, அகழாய்வுக் குழியில் கிடைத்த அந்த அரைக்கும் கல், அதன் மறுபக்கத்தைப் போன வாரம் நான் கழுவினேன். நம் நாட்டுக்கு மக்காச்சோளம் வந்த காலத்தையே ஆயிரம் ஆண்டு முன்னால் தள்ளிய கல்லாயிற்றே, இன்னும் நாலு மாவுமணி கிடைத்தால் நல்லதுதானே என்றுதான் தொடங்கினேன். ஒன்றுகூட இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தும் இல்லை. பிறகுதான் என் கையைப் பார்த்தேன். இப்போது வருவது பவுடர் இல்லாத கையுறை, நீ போட்டது பவுடர் தடவியது. இன்று உதறியதை நுண்ணோக்கியில் வைத்தால் நீ படம்பிடித்த அதே உருண்டைகள், நடுவில் அதே கறுப்புப் பெருக்கல் குறி. அந்தப் பவுடரே மக்காச்சோள மாவு, சுண்டு.

உன்மேல் குற்றம் சொல்லவில்லை, பெட்டியில் இருந்ததைத்தான் எல்லோரும் போட்டோம். ஆனால் உனக்கு அங்கே ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்ததே அந்தப் படத்தால்தான். அப்பா அதைத் தையற்கடையில் மாட்டி வைத்துக்கொண்டு, அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், ஆயிரம் வருஷத்துக்கு முந்தின மாவுங்க, எங்க சுண்டு கண்ணுலதான் பட்டுச்சு, நீங்க கைய நேரா வைங்க என்கிறார். ஆய்வகத் தலைவர் எட்டிப் பார்த்து, என்ன மேடம், மறுபக்கமும் அள்ளிக் கொடுக்குதா என்றார், இன்னும் பார்க்கல சார் என்றேன். மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. தகட்டைக் கழுவிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று குழாயடி வரை போய்த் திரும்பி வந்தேன்.

உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று எழுத இன்று கை வரவில்லை, வருவதைத் தாங்கும் திடம் உனக்கு இருக்கட்டும். தபாலில் போட்டால் காலம் தாழும் என்று மின்னஞ்சலில் அனுப்புகிறேன். திங்கட்கிழமை காலை அந்தத் தகட்டைத் தலைவரிடம் காட்டப் போகிறேன். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. வேண்டாம் என்று நீ அழுதாலும் காட்டுவேன். அதற்குள் உன் பேராசிரியரிடம் நீயே போய்ச் சொல்லிவிடு, மறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போ.

உன் அம்மா