பத்துக்குப் பன்னிரண்டு

இன்று காலை கடையைத் திறந்தால் துணி அளக்கிற கஜக்கோலைக் காணவில்லை. வாடிக்கைக்காரர் நிற்க, நான் மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடினேன். மாடியிலிருந்து டொக் டொக்கென்று சத்தம். ஏறிப் பார்த்தால், என் மகள் கோலைப் புரட்டிப் போட்டுக் கூடத்தை அளந்துகொண்டிருக்கிறாள்.

"வீட்டுப்பாடம்ப்பா. அவங்கவங்க வீட்ட அளந்து பரப்பளவு கண்டுபிடிக்கணும்."

இருபத்தைந்து வருஷம் கழித்தும் அதே ஹட்டன் பள்ளிக்கூடம், அதே கணக்கு. "இதெல்லாம் எதுக்குக் குடுக்குறாங்கன்னு நெனைக்கிறே?" என்று கேட்டேன்.

"எழுதாம வர்றது யாருன்னு கண்டுபிடிச்சு அடிக்கத்தான். வேற எதுக்கு?"

என் ரத்தம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் எனக்கு, கூடப் படித்த உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ செத்துப் போய் இன்னும் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

எட்டாம் வகுப்பில் எனக்கும் அதே கொள்கை. கணக்கு எழுதின கொப்பி கையில் இருந்தால் போதும். யார் மண்டையிலிருந்து வந்தது என்று பிரம்பு கேட்காது. மணி அடிப்பதற்கு முன்னால் சைப்பிரஸ் மரத்தடியில் உன் கொப்பி என் மடியில் இருக்கும். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நடந்து வந்த களைப்பில், நான் கொண்டுவந்த பணிஸைத் தின்றபடி, "ரெண்டாவது கணக்குல ஒரு தப்பு வைடா, அப்பத்தான் நம்புவாங்க" என்பாய். தப்பை எங்கே வைப்பதென்றும் நீதான் காட்டித்தர வேண்டியிருந்தது.

உன் கொள்கை வேறு. "வாத்தியாருங்க எங்க லயத்துப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டாங்கடா. கொப்பில எழுதிக் குடுத்தாத்தான், அங்கயும் ஒருத்தன் படிக்கிறான்னு தெரியும்." வீட்டை அளக்கச் சொன்னதும் உனக்கு எவ்வளவு சந்தோஷம்! தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிய லயத்து வரிசையில் உங்கள் காம்பரா ஒரே அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு கதவு. சன்னல் இல்லை. இரண்டு பக்கச் சுவரும் அடுத்த குடும்பங்களோடு பொது. எங்கள் வீட்டில் ஆறு அறை, அளக்கச் சோம்பல். உன் வீட்டை அப்படியே என் கொப்பியில் இறக்கிவிட்டேன். அன்றைக்குத் தப்பு வைக்கவும் மறந்துபோனேன்.

கணக்கு சார் இரண்டு கொப்பிகளையும் தூக்கிக் காட்டினார்.

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுலயா குடியிருக்கீங்க?"

வகுப்பே சிரித்தது. நான் முந்திக்கொண்டேன். "என்னோடதப் பாத்து எழுதிட்டான் சார். நான் எங்க கடை மூட்டை ரூமத்தான் அளந்தேன்."

என் சட்டை இஸ்திரி போட்டது. உன்னுடையது உன் அப்பாவின் பழைய சட்டை. சாருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. உன் பக்கம் திரும்பினார்.

"கடை மூட்டை ரூம ஒன் வீடுன்னு எழுதினியா?"

"எங்க காம்பரா அளவே அதுதான் சார்."

"எத்தன பேரு இருக்கீங்க?"

"ஏழு பேரு சார்."

"பத்துக்குப் பன்னெண்டுல ஏழு பேரா? பொய் வேறயா?"

பார்த்து எழுதியதற்கு உனக்கு ஆறு பிரம்படி, பொய்க்கு ஆறு. பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: "சொந்த வீட்டையே காப்பியடிச்சான்டா!" நானும் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே. வீட்டை அளக்காததற்கு எனக்கு ஒரு முறைப்பு. கணக்கு சரியென்று பத்துக்குப் பத்து.

மறுநாள் உன் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். கம்பளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றார். நீ செய்யவில்லை என்று சொல்லத்தான் வந்திருப்பார். ஆனால் தோட்டத்தில் அவருக்கு வேறு பழக்கம்: வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா குரலை உயர்த்தினால் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சார் குரலை உயர்த்தினார்.

"தப்புத்தாங்க சாமி, மன்னிச்சிருங்க" என்று உன் அப்பா கும்பிட்டார்.

நீ அவரைத் திரும்பிப் பார்த்தாய். அடி விழுந்தபோதுகூட உன் முகம் அப்படி ஆகவில்லை. திங்கட்கிழமை நீ வரவில்லை. தோட்ட வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டில் உன் பேரும் பதிந்தாகிவிட்டது என்றார்கள். உன் கொப்பி இல்லாமல் நானும் அதிக தூரம் போகவில்லை. எஸ்.எஸ்.சி.யில் இரண்டு முறை விழுந்து, நேராகக் கடைக்குள் வந்து சேர்ந்தேன்.

தீபாவளிக்குத் தீபாவளி துணி எடுக்கப் பிள்ளைகளோடு என் கடைக்கு வருவாய். நான் கோலை எடுத்ததும் குனிந்து பார்ப்பாய். "மொதலாளி, ஒங்க அளவு எனக்குத் தெரியும். இன்னொருக்கா அளங்க." பிள்ளைகள் விளையாட்டு என்று சிரிப்பார்கள். நானும் சிரித்தபடி திரும்ப அளப்பேன். 'டா' என்று நீ ஒருநாள் கூப்பிட்டால் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று காத்திருந்தேன். நீ கூப்பிடவில்லை. நான் கேட்கவுமில்லை.

போன மாசம் காய்ச்சலில் நீ போய்விட்டாய் என்று ஆள் வந்தது. கோடித்துணியை நானே கிழித்து எடுத்துக்கொண்டு வந்தேன். அன்றுதான் முதல் தடவையாக உன் வீட்டுக்குள் நுழைந்தேன். உன்னை நீட்டிப் படுக்கவைத்த பிறகு நான்கு பேர் நிற்கத்தான் இடம். எல்லோரும் அழ, நான் சுவரோரமாக அடிமேல் அடி வைத்தேன். ஏதோ சடங்கு என்று நினைத்து வழிவிட்டார்கள். பத்து. பன்னிரண்டு. நீ எழுதியது சரி.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் கீழேயிருந்து மகள் கத்துகிறாள். "அப்பா, மூட்டை ரூம் பதினாலுக்குப் பதினாறு!"

நான் அந்த அறையை இந்த நாள்வரை அளந்ததில்லை. அன்று சார் ஒரு ஆளையும் ஒரு கோலையும் கடைக்கு அனுப்பியிருந்தால் நீ தப்பியிருப்பாய். எங்கள் மூட்டைகளுக்கு உங்கள் ஏழு பேரைவிட இடம் அதிகம்.

மேலே வந்து கேட்டாள்: "ஒங்க காலத்துலயும் இது குடுத்தாங்களாப்பா? எத்தன மார்க்ஸ்?"

"பத்துக்குப் பத்து" என்றேன்.

அவளுக்கு ஒரே பெருமை. உன் வீட்டுக்கு எனக்குக் கிடைத்த அந்தப் பத்தை இன்னும் நான்தான் வைத்திருக்கிறேன்.