கையெழுத்து வைக்காத கிழவர்

ஜூலை 8, செவ்வாய்

விடியவே வெக்கை. நாங்கள் இருக்கிற பிரான்காச்சோவிலை பஸ் பிந்தி வந்தது. வாங்கவேண்டியது: தக்காளி, கிழவருக்குக் கண்மருந்து, எங்கடை வீட்டுக்குத் தேசிக்காய்.

நான் சம்பளத்துக்குப் பாக்கிற இந்தப் பிரெஞ்சுக் கிழவர் ஒருகாலம் பேர்போன ஆள். மார்செய் துறைமுகத்திலை கிளாக்கர். பிறகு கடற்கொள்ளை, புதையல், வாள்சண்டை எண்டு எண்பது புத்தகத்துக்கு மேலை எழுதித் தள்ளினவர். ரெயில்வே ஸ்டேசன் கடையெல்லாம் இவரின்ரை கதைதானாம். பேப்பர்காரர் மட்டும் அதுகளைப் பற்றி ஒரு வரி எழுதேல்லை. பலெர்மோ மனிசியைக் கட்டி இஞ்சை, இத்தாலிக்கு வந்தவர். மனிசி இப்ப இல்லை. கண்ணும் மங்கல். புதுக்கதையை அவர் பிரெஞ்சிலை சொல்லச் சொல்ல என்ரை போனிலை ரெக்கோர்ட் பண்ணுறன். பிறகு எனக்கு இத்தாலியனிலை சொல்லிக் காட்டுவார்.

ஜூலை 10, வியாழன்

லியோனிலை இருக்கிற மகள் வந்திட்டா. கையிலை பதிப்பகத்தின்ரை ஒப்பந்தம். இனி வேறை ஆக்கள் எழுதுவினம், அட்டையிலை இவரின்ரை பேர். இவர் எழுதுறதைப் போடமாட்டினமாம். சாப்பாட்டு மேசையிலை சண்டை, தாயின்ரை இத்தாலியனிலை, அதாலை எனக்கும் விளங்கினது.

"அப்பா, உங்கடை கதையளை இப்ப ஆர் வாசிக்கினம்? கையெழுத்து வையுங்கோ."

கிழவர் சூப்பைத் தள்ளி வைச்சார். "என்ரை பேரிலை மோசமான புத்தகம் வரவேணுமெண்டால், அதை நானே எழுதுவன்."

எனக்குச் சிரிப்பு. மகள் பாத்த பார்வை...

ஜூலை 11, வெள்ளி

மகள் குசினிக்கை வந்து கதவைச் சாத்தினா. "இனி ரெக்கோர்ட் பண்ணாதை. எழுத்து நிண்டால்தான் வழிக்கு வருவார்."

"சின்யோரா, கதை சொல்லுற நாளிலைதான் அவர் சாப்பிடுறார். நான் அவரைப் பாக்க வந்தனான்."

"அப்ப வேறை வேலை தேடு."

"அவர் சொல்லட்டும், போறன்."

சவர்க்காரத் தண்ணிக்குள்ளை கையை விட்டு மிச்சக் கோப்பையளைக் கழுவினன். 

இரவு வீட்டிலை, மொண்டெல்லோ கடற்கரை ரெஸ்டோறண்டிலை நாள் முழுக்க நிண்ட களையோடை என்ரை மனிசன்: "வேலையைக் காட்டிப் பெர்மெஸ்ஸோ விசா புதுப்பிக்கிற நேரத்திலை உனக்கேன் கிழவன்ரை கதை?"

 கதையின்ரை மிச்சம் எனக்குத் தெரியவேணும். அதை எப்பிடிச் சொல்லுறது.

ஜூலை 12, சனி

மகள் பெட்டி கட்டிக்கொண்டு நிண்டா: ஒண்டில் என்னை நிப்பாட்டவேணும், இல்லாட்டித் தான் போறாவாம். கிழவர் வெள்ளைச் சேட்டு, பொத்தான் மாறிப் போட்டிருந்தார்.

"வீடு என்ரை. இவ நிப்பா."

"உங்களை எல்லாரும் மறந்திடுவினம், அப்பா."

"மறக்கட்டும். மதிக்காமல் இருக்கேக்கையே எண்பது எழுதினனான்."

படியிறங்கேக்கை அவ அழுதா. பாவமாத்தான் இருந்தது. ஒப்பந்தத்தை மடிச்சு, ஆடுற மேசைக்காலுக்குக் கீழை வைக்கச் சொன்னார். வைச்சன்.

பிறகு கதிரையைப் பால்கனிக்கு இழுத்துவிட்டு, போனைத் தட்டினன். கீழை வுச்சீரியாச் சந்தையிலை ஒரு மீன்காரன்ரை கூவல். அதுவும் சேர்ந்து பதியுது எண்டன்.

"பதியட்டும். இது துறைமுகக் கட்டம்."