இருபதாவது டைவ்

பர்கூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஜெகதீஷ் அண்ணனுக்கு,

மோகனா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். அந்தமானில் உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நீ பேசுகிறாய், நான் "சரிண்ணா" என்கிறேன். நேற்றும் நான்கு முறை சரி என்றேன். அந்த நான்கையும் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, குவாரியில் டைவ் சொல்லித் தரும் பூபதி அண்ணன் கையால் ஒரு துண்டு மீன் வாங்கித் தின்றுவிட்டு மன்னிப்புக் கேள் என்று நீ சொன்னாய். அப்படிச் செய்தால் அவர் என் டைவ்களைப் பதிகிற லாக் புக்கில் இருபதாவது டைவுக்குக் கையெழுத்துப் போடுவார். இருபது கையெழுத்து இருந்தால்தான், தையில் எனக்குப் பதினெட்டு முடிந்ததும் நீ வேலை செய்கிற டைவிங் கடையில் உதவியாளாக எடுப்பார்கள். "ஒரு துண்டு தின்னா செத்தா போயிடுவ?" என்று கேட்டாய். சாக மாட்டேன். ஆனால் தின்னவும் மாட்டேன்.

அம்மாவுக்கு மாங்கூழ் கம்பெனியில் சீசன் முடிந்துவிட்டது. இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. முழங்கால் வலிக்குப் போச்சம்பள்ளியில் ஒருவர் தந்த எண்ணெயைத் தேய்க்கிறாள். வலி போகவில்லை, வீடு முழுக்க வாடை அடிக்கிறது. நம் குவாரிக் குழியில் மழைத் தண்ணீர் ஏறி, நீ கயிறு கட்டிய கல்திட்டு மூழ்கிவிட்டது. தண்ணீர் தெளிந்துவிட்டதால் பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் டைவ் செய்ய ஆட்கள் நிறைய வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மட்டும் முப்பது சிலிண்டருக்குக் காற்று அடைக்கிறேன்.

பூபதி அண்ணன் உன்னிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. நடந்ததை நான் சொல்கிறேன்.

நான் கறி மீன் தொடுவதில்லை என்று குவாரியில் தெரிந்த நாளிலிருந்து கேலிதான். பிரியாணி அண்டாவைத் திறந்தால், "மாமி வர்றாங்க, எலும்பை மறைச்சு வைங்கடா" என்பார்கள். எந்தச் சாமியாரிடம் போனாய் என்று கேட்பார்கள். நம் வீட்டில் ஞாயிறு தவறாமல் கறி எடுப்பது அவர்களுக்குத் தெரியும், அதனால் கேலி இன்னும் கூடும். சமைக்கிற இருளாயி அக்கா மட்டும் ஒன்றும் சொல்லாமல் எனக்குத் தனியாக ரசம் எடுத்து வைப்பார்.

ஆடி மாதம் ஒரு தப்பு செய்தேன். கறி தின்னாதவளுக்குத் தெம்பு இருக்காது என்று பூபதி அண்ணன் சொல்லிக்கொண்டே இருந்ததால், தெம்பு வரட்டும் என்று டைவுக்கு முன்னால் களியோடு மொச்சைக் குழம்பை மூன்று கரண்டி ஊற்றிச் சாப்பிட்டேன். அறுபது அடி ஆழத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேலே வர வர வயிற்றுக்குள் காற்று விரிந்தது. ஆழத்தில் அழுந்தி இருக்கும் காற்று மேலே வந்தால் பெருக்கும் என்பதை நீதானே எனக்குச் சொன்னாய். அது மொச்சைக்கும் பொருந்தும் என்று நீ சொல்லவில்லை. கரையில் சுருண்டு கிடந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். "பாத்தியா, காய்கறியால வந்த கேடு" என்றார் பூபதி அண்ணன். அன்றைக்கு அழுதேன். அப்புறம் யோசித்தேன். கெடுதல் காய்கறியில் இல்லை, மொச்சையில் இருக்கிறது. அதிலிருந்து டைவ் நாளில் ராகிக் கூழும் ஒரு வாழைப்பழமும் மட்டும்தான். வேர்க்கடலை, கீரை எல்லாம் மேலே வந்த பிறகு. ஒரு நாளும் தலை சுற்றியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கமலக்கண்ணன் சாருக்குத் துணையாக என்னை இறக்கினார்கள். ஓசூர் சிப்காட்டில் எஞ்சினியர். டைவ் சர்டிபிகேட் வாங்கி ஒரு வருடம் ஆனவர்தான். இறங்குவதற்கு அரை மணி முன்பு ஒரு தட்டு பிரியாணி முடித்திருந்தார், யாரும் தடுக்கவில்லை. நாற்பது அடியில் அவர் கண் பெரிதாகிவிட்டது. சிலிண்டர் காற்று வருகிற ரெகுலேட்டரை வாயிலிருந்து பிடுங்கப் போனார். பிடுங்கியிருந்தால் அடுத்த மூச்சில் தண்ணீர்தான் உள்ளே போயிருக்கும். நான் என் கையால் அதை அவர் வாயோடு அழுத்திப் பிடித்து, நீ காட்டிக்கொடுத்தபடி அதன் பொத்தானை அமுக்கி அமுக்கிக் காற்றை விட்டேன். அவர் அதற்குள்ளேயே வாந்தி எடுத்தார். மூன்று முறை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி மேலே கூட்டி வந்தேன். வெளியில் வந்த பிரியாணியை ஜிலேபி மீன்கள் கூட்டமாக வந்து தின்றன.

சாயங்காலம் பசங்க தூண்டில் போட்டு அதே மீன்களைத்தான் பிடித்தார்கள். நன்றாக டைவ் செய்தவருக்கு முதல் மீனைப் பூபதி அண்ணன் தன் கையால் இலையில் வைப்பது வழக்கம், உனக்கும் வைத்திருக்கிறார். அன்று என் இலையில் வைத்தார். "இன்னிக்கு நீ தின்னுதான் ஆவணும். என் கையால வைக்கிறேன்" என்றார். எல்லாரும் பார்த்தார்கள். ஆனாலும் சொன்னேன். "வேணாம்ண்ணா. நான் சாப்பிட மாட்டேன்." இலையை மடித்தேன். ஒன்றரை வருடத்தில் அங்கே நான் சத்தமாகச் சொன்ன முதல் பேச்சு அதுதான் என்று இருளாயி அக்கா பிறகு சொன்னார்.

பூபதி அண்ணன் திட்டவில்லை. கையெழுத்துப் போடாமல் லாக் புக்கை மூடி என்னிடம் நீட்டினார். "ஒரே சட்டியில சோறு தின்னவங்கதான் தண்ணிக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் நம்புவாங்க. உன்னை நம்பி எவன் கடல்ல எறங்குவான்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் அவர் சொன்னது சரிதானோ என்றுகூட நினைத்தேன். அப்புறம் என் கையைப் பார்த்தேன். கமலக்கண்ணன் சார் பிடித்த இடத்தில் நகம் பதிந்திருந்தது. அவர் என் சட்டியில் ஒரு வாய் தின்றவர் இல்லை.

நீயும் எந்தச் சாமிக்கு வேண்டுதல் என்று கேட்டாய். எந்தச் சாமிக்கும் இல்லை அண்ணா. பத்தாவதோடு நின்றதும் ராயக்கோட்டை ரோட்டில் அட்டைப்பெட்டி கம்பெனியில் வேலை என்று சொன்னேன் அல்லவா, அது கோழிக்குஞ்சு பொரிக்கிற இடம். குஞ்சு அனுப்புகிற பெட்டி மடிக்கத்தான் என்னைச் சேர்த்தார்கள், அதனால் நான் சொன்னது முழுப் பொய் இல்லை. இரண்டாவது மாதம் டிரம் தள்ளும் வேலைக்கு மாற்றினார்கள். பொரித்த அன்றே பெட்டையைத் தனியாக எடுத்துவிடுவார்கள். சேவல் குஞ்சுகள் முட்டை போடாது, அதனால் டிரம்முக்குள். மூடி போட்ட பிறகும் சத்தம் கேட்கும். அதைப் பின்கட்டு வரை தள்ளிக்கொண்டு போவது என் வேலை. பதினோரு மாதம் தள்ளினேன். நீ டைவிங் படித்து முடித்த வருடம் அது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது, சொல்லிவிடாதே.

அதற்குப் பிறகு எந்த உயிரின் துண்டும் எனக்கு உள்ளே இறங்கவில்லை. அவ்வளவுதான். மற்றவர்கள் தின்பதை நான் ஒன்றும் சொன்னதில்லை.

இன்று காலை ஒரு காரியம் செய்தேன். லாக் புக்கில் கையெழுத்துக் கோட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பயிற்சியாளர் அல்லது உடன் டைவ் செய்தவர் என்று இருக்கிறது. பத்தொன்பது முறை பார்த்தும் படித்ததில்லை. குவாரி ரிஜிஸ்டரிலிருந்து கமலக்கண்ணன் சார் எண்ணை எடுத்தேன். இரண்டு முறை மணி அடித்ததும் நானே கட் பண்ணிவிட்டேன். மூன்றாவது முறை பேசினேன். பஸ் ஏறி ஓசூர் போனேன். ஷிப்ட் முடிந்து ஆயிரம் பேர் வெளியே வரும் நேரம் கம்பெனி கேட்டில் லாக் புக்கோடு தனியாக நின்றேன். செக்யூரிட்டி இரண்டு தரம் யார் வேண்டும் என்று கேட்டார், இரண்டு தரமும் பதில் சொன்னேன். சார் ஒரு பைக் சீட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "உன் கை என் வாய் மேல இருந்தது மட்டும்தாம்மா ஞாபகம் இருக்கு. வேற எங்கயாவது போடணுமா?" என்றார். போதும் சார் என்றேன்.

அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ் இதோடு இருக்கிறது. உன் முதலாளியிடம் காட்டு. காட்டும்போதே நான் என்ன தின்பேன், என்ன தின்ன மாட்டேன் என்பதையும் சொல்லிவிடு. படகில் எனக்காக யாரும் தனியாகச் சமைக்க வேண்டாம். சின்ன குக்கரும் இரண்டு கிலோ ராகி மாவும் கொண்டு வருவேன். டைவ் நாளில் மொச்சை வைக்க மாட்டேன். இந்தக் கையெழுத்து செல்லாது, பூபதி அண்ணன் கையெழுத்துதான் வேண்டும் என்று உன் முதலாளி சொன்னால், நான் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் குழிக்குப் போவேன், சிலிண்டர் அடைப்பேன், இலை போட்டால் ரசம் சாதம் தின்பேன்.

உன்னை ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். பூபதி அண்ணனுக்குப் போன் போட்டு, "சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிட்டா, அடுத்த வாரம் தின்னுடுவா" என்று மட்டும் சொல்லிவிடாதே. தெரிந்துதான் செய்தேன். எனக்குப் பேச்சு வராது என்று சின்ன வயதிலிருந்து எனக்காக நீதான் பேசியிருக்கிறாய். கடையில், பள்ளியில், டாக்டரிடம். இந்த ஒரு இடத்தில் மட்டும் நீ பேசாமல் இரு அண்ணா. நான் பேசிவிட்டேன்.

நீ வயிறார மீன் சாப்பிடு. இறங்குவதற்கு முன்னால் மட்டும் வேண்டாம்.

உன் தங்கை,
மோகனப்ரியா